மணி ஒலிக்காத வீடு

சென்ற ஆடி மாதத்தில் பரணில் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றை இறக்கித் தூசு தட்டினேன். விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் பெயர்ந்துவிட்டிருந்தன. மின்கலம் செத்துப்போயிருந்தது. ஆயினும் மின்கம்பியைச் செருகி வைத்திருக்கும்வரை ஓடும். அதில் டெபியன் லினக்ஸை நிறுவி, அதன்மேல் கோடூசோஷியல் என்னும் சிறிய மென்பொருளை ஏற்றினேன். மாஸ்டடான் முதலியவற்றோடு ஒரே நெறிமுறையில் பேசக்கூடிய சமூக வலை வழங்கி அது. பெருநிறுவனம் எதன் திண்ணையிலும் ஒதுங்காமல், நம் வீட்டு மேசையிலிருந்தே நாம் எழுதலாம், பிறர் எழுதுவதைப் பெறலாம் என்பது ஏற்பாடு. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டியபோது ஒருமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டதைப் போலிருந்தது.

முடியவில்லை. கடைசிப் படி ஒன்று மிச்சமிருந்தது. வழங்கிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கவேண்டும். சான்றிதழை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால், அந்தப் பெயருக்கு உரியவர் நீங்கள்தான் என்பதை உறுதிசெய்ய, அவர்களுடைய கணினி ஒருமுறை உங்கள் கணினியின் கதவைத் தட்டிப் பார்க்கும். தட்டியது. திறக்கவில்லை. மூன்றுமுறை முயன்றேன். மூன்றுமுறையும் காலம் கடந்துவிட்டது என்ற ஒரே செய்தி. திசைவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. எனக்கு இணைப்பு தரும் நிறுவனம் என் வீட்டுக்கு வழங்கியிருந்த முகவரி 100 என்ற எண்ணில் தொடங்கியது. அது முகவரியே அல்ல. பல நூறு வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கப் பயன்படும் உள்சுற்று எண். என் கணினி உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். என் கணினியை உலகத்தில் யாரும் அழைக்க முடியாது.

சேவை மையத்துக்குத் தொலைபேசினேன். பேசிய பெண், "சார், உங்களுக்கு யூடியூப் வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "அப்ப நெட் நல்லாத்தானே சார் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை என்பதே எனக்கு உறைத்தது. இணையம் என்பதற்கு இன்று அவ்வளவுதான் பொருள். வரவேண்டும். போகவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வீட்டுக் கணினிக்கு வெளியிலிருந்து அழைப்பு வருவது ஒருகாலத்தில் சாதாரணமாக இருந்தது. அது எப்படி இல்லாமற் போயிற்று என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

1978 ஜனவரியில் சிகாகோ நகரைப் பனிப்புயல் மூடியது. ஐபிஎம் நிறுவனத்தில் வேலைபார்த்த வார்ட் கிறிஸ்டென்சென் வீட்டைவிட்டு வெளியேற முடியாத நிலையில், தன் நண்பர் ராண்டி சூஸை அழைத்து ஒரு யோசனை சொன்னார். இருவரும் அந்நகரின் கணினி ஆர்வலர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். சங்கத்தில் ஒரு தக்கைப் பலகை உண்டு. உறுப்பினர்கள் அதில் சீட்டுகளைக் குத்திவைப்பார்கள். அந்தப் பலகையைக் கணினிக்குள் கொண்டுவந்தால் என்ன? கிறிஸ்டென்சென் நிரல் எழுதினார், சூஸ் வன்பொருளைக் கட்டினார். பிப்ரவரி 16 அன்று அது உயிர்பெற்றது. நொடிக்கு முப்பது எழுத்துகள் என்ற வேகம். எழுத்துகள் திரையில் மெதுவாக ஊர்ந்துவரும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே நுழையலாம், ஏனெனில் இருப்பது ஒரே தொலைபேசிக் கம்பி. மணி அடித்தால் கணினி தானாக விழித்து, நெகிழ்வட்டிலிருந்து தன்னைத் தொடங்கிக்கொண்டு, வந்தவரை வரவேற்கும்.

கணினியை யார் வீட்டில் வைப்பது என்ற கேள்வி வந்தபோது சூஸின் வீடு தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணம் தொழில்நுட்பம் சார்ந்ததன்று. கிறிஸ்டென்சென் புறநகரில் குடியிருந்தார், சூஸ் நகரத்துக்குள். சூஸின் எண்ணை அழைத்தால் அதிகம்பேருக்கு உள்ளூர்க் கட்டணத்தோடு முடியும். வீட்டுக் கணினிகளின் வலை முழுவதும் எழுந்தது இந்த ஓர் உண்மையின்மேல்தான். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் உள்ளூர் அழைப்புக்கு மாதச் சந்தாவுக்கு மேல் கட்டணமில்லை, எவ்வளவு நேரம் பேசினாலும். நம் ஊரில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு ஏறிய காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான், தொலைபேசி நிறுவனம் தராத ஒரு கருவியை அதன் கம்பியோடு இணைக்கும் உரிமை அமெரிக்கருக்கு மெல்ல மெல்லக் கிடைத்தது. அதற்குமுன் மோடம் ஒன்றைச் சொந்தமாகச் செருகுவதே குற்றம் போலத்தான்.

இப்படி நூற்றுக்கணக்கான பலகைகள் முளைத்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தீவு. சான்பிரான்சிஸ்கோவில் எழுதியதை பால்டிமோரில் இருப்பவர் படிக்கவேண்டுமென்றால், அவர் தன் காசில் வெளியூர் அழைப்பு போட்டு உள்ளே வரவேண்டும். தீவுகளை இணைத்தவர் டாம் ஜென்னிங்ஸ்.

ஜென்னிங்ஸ் விநோதமான மனிதர். நிரலாளர், வன்பொருளும் அறிந்தவர், அரசமைப்புகளில் நம்பிக்கையற்றவர், தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். பிற்காலத்தில் ஹோமோகோர் என்ற சிற்றிதழையும் நடத்தினார். அவர் உருவாக்கிய வலையமைப்பிலும் சிற்றிதழ்க்காரரின் மனம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கைக்காசு போட்டு நடத்துவது, முகவரிப் பட்டியலைத் தானே பராமரிப்பது, வாசகனும் எழுத்தாளனும் அச்சிடுபவனும் ஒருவரேயாக இருப்பது, பிறகு ஓயாமல் சண்டையிடுவது. 1983இன் கடைசியில் அவர் ஃபிடோ என்ற பலகை மென்பொருளை எழுதத் தொடங்கினார். அங்கே வீட்டு நாய்க்கு வழக்கமாக இடும் பெயர் அது, நம் மணியைப் போல. பால்டிமோரில் ஜான் மேடில் என்பவர் அதே மென்பொருளைத் தன் கணினியில் ஓடவிட்டிருந்தார். 1984 ஜூன் வாக்கில், இந்த இரண்டு ஃபிடோக்களும் இரவில் ஒன்றையொன்று அழைத்து அஞ்சலைப் பரிமாறிக்கொள்ளச் செய்தார் ஜென்னிங்ஸ். செய்ய முடிகிறதா என்று பார்க்கும் வேடிக்கைதான் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஜென்னிங்ஸ் முதல் எண், மேடில் இரண்டாம் எண். வாயில் நெகிழ்வட்டைக் கவ்விய நாய் ஒன்றை விசைப்பலகை எழுத்துகளாலேயே மேடில் வரைந்தார். அதுவே ஃபிடோநெட்டின் சின்னமாயிற்று.

அதன் இயக்கம் எளிமையானது, அந்த எளிமையில் ஒரு நயம் உண்டு. நாள் முழுவதும் மனிதர்கள் அழைத்து எழுதிவைப்பார்கள். வெளியூருக்கான கடிதங்கள் ஒரு பொதியாகச் சேர்ந்திருக்கும். பின்னிரவில், வெளியூர் அழைப்புக் கட்டணம் மிகக் குறைந்திருக்கும் வேளையில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அதிகாலை நான்கு மணி, மேற்குக் கரையில் ஒரு மணி, எல்லாப் பலகைகளும் மனிதருக்குக் கதவைச் சாத்திவிடும். அந்த ஒருமணி நேரம் இயந்திரங்களுக்கு உரியது. ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து, சேரவேண்டிய கணினியின் எண்ணைச் சுழற்றி, பொதியைக் கொடுத்துவிட்டு வைத்துவிடும். உரிமையாளர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து அறையில் மோடம் சீறும் ஓசை மட்டும் கேட்கும்.

இதில் எந்த வீடும் மையமில்லை. எல்லா வீடும் அழைக்கும், எல்லா வீடும் அழைக்கப்படும். தொலைபேசி எண் என்பது இருவழிப் பாதை. உங்களிடம் ஓர் எண் இருந்தாலே நீங்கள் முழுக் குடிமகன்.

இருவழிப் பாதைக்கு ஒரு விலையும் உண்டு. பட்டியலில் ஓர் எண் பிழையாக அச்சேறிவிட்டால் என்ன ஆகும்? ஃபிடோநெட்டின் தொடக்ககால வரலாற்றை எழுதியவர்கள் ஒரு மூதாட்டியைக் குறிப்பிடுகிறார்கள். பிழையான எண் ஒன்றால், இரவின் நடுவில் ஊர் ஊராகக் கணினிகள் அவரை அழைத்தபடியிருந்தன. எடுத்தால் மறுமுனையில் மனிதக் குரல் இல்லை. இந்தச் சம்பவத்தைப் படித்தபோது முதலில் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. கணினி களைப்படையாது. யாரும் எடுக்காவிட்டால் மறுபடி அழைக்கும். அதன்பின் புதிய எண் கேட்பவர்கள், தம் கணினியிலிருந்து ஃபிடோநெட் வழியாகவே விண்ணப்பக் கடிதத்தை அனுப்பவேண்டும் என்பது விதியாயிற்று. கடிதம் வந்து சேர்ந்தால் அவர் கணினி வேலை செய்கிறது என்று அர்த்தம். நேர்காணலும் தேர்வும் சான்றிதழும் எல்லாம் அந்த ஒரு கடிதம்தான். பழைய மடிக்கணினியோடு நான் தோற்றதும் ஏறத்தாழ இதே தேர்வில்தான் என்பது பின்னால் உறைத்தது.

1985இல் கணினிகளின் எண்ணிக்கை இருநூறை எட்டியபோது ஒற்றைப் பட்டியல் தள்ளாடியது. செயின்ட் லூயி நகரத்தில் பென் பேக்கர், கென் கப்லன் ஆகியோரோடு ஜென்னிங்ஸ் அமர்ந்து பேசி, ஊர்வாரியாக வலைகளைப் பிரித்தார்கள். ஓர் ஊருக்குப் போகவேண்டிய கடிதங்களையெல்லாம் அவ்வூரின் ஒரு கணினிக்கு ஒரே வெளியூர் அழைப்பில் கொடுத்துவிட்டால், அது உள்ளூர் அழைப்புகளால் பிறருக்குச் சேர்த்துவிடும். செலவைக் குறைக்க நடந்த ஏற்பாடு. ஆனால் அதே கணத்தில் சிலர் பிறரைவிடச் சற்று முக்கியமானவர்களாகவும் ஆகிவிட்டார்கள். டல்லாஸ் நகரத்து ஜெஃப் ரஷ் எழுதிய எதிரொலி அஞ்சல் வந்தபிறகு ஒரு கடிதம் எல்லாப் பலகைகளிலும் ஒட்டப்படலாயிற்று. உரையாடல் பெருகியது, தொலைபேசிச் செலவும் பெருகியது. அதைச் சுமந்தவர்கள் வீட்டுக்காரர்களே.

சண்டைகளை விரித்து எழுதினால் இக்கட்டுரை முடியாது. சட்டபூர்வமான சங்கம் ஒன்றைப் பதிவுசெய்தார்கள். அச்சங்கமே பெரும் பூசலுக்குக் காரணமாகி 1980களின் முடிவில் கலைந்தது. ஜென்னிங்ஸ் அதை விரும்பியதில்லை. கடைசியில் நிலைத்தது ஒரே கொள்கை: பிறரை அளவுக்குமீறி எரிச்சலூட்டாதே, நீயும் எளிதில் எரிச்சலடையாதே. 1990களின் நடுவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பட்டியலில் இருந்தன.

நான் இதைப் பொற்காலமாகச் சித்திரிக்க விரும்பவில்லை. வழியில் இருக்கும் எந்த வீட்டுக்காரரும் கடந்துசெல்லும் கடிதத்தைப் பிரித்துப் படிக்க முடிந்தது. ஒருவருக்குக் கோபம் வந்தால் ஒரு பலகையே அணைந்துபோகும். பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் கணினியும் இரண்டாவது தொலைபேசிக் கம்பியும் வாங்க வசதியுள்ள ஆண்கள். இருந்தும், முப்பதாயிரம் வீடுகள் எந்த நிறுவனத்தின் அனுமதியும் இன்றி ஒன்றோடொன்று பேசின என்பது மறுக்க முடியாத சாதனை.

பிறகு இணையம் வந்தது. ஃபிடோநெட்டை அது விழுங்கியதில் வியப்பில்லை. அழைத்தவுடன் மறுமுனை கிடைத்தது, அதிகாலை நான்குமணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விந்தை என்னவென்றால், இணையத்தின் மூல வடிவமும் ஃபிடோநெட்டைப் போன்றே சமத்துவமானது. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண், எந்த எண்ணும் எந்த எண்ணையும் அழைக்கலாம். 1981இல் வகுக்கப்பட்ட நெறிமுறையில் எண்ணுக்கு 32 இருமங்கள் ஒதுக்கினார்கள். மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். அன்றைக்கு அது வற்றாத கிணறு. அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றிடமே 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன. அதில் ஒரு பகுதியை 2017இல்தான் விற்றது.

1990களின் தொடக்கத்திலேயே கிணற்றின் அடி தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஓர் உத்தியை வெளியிட்டார்கள். ஓர் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் உள்ளே தனி எண்கள் இருக்கட்டும், வெளியே போகும்போது வாசலில் இருக்கும் கருவி அவற்றைப் பொதுமுகவரியாக மாற்றிவிடட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியை எண்ணிக்கொள்ளலாம். வெளியே போகிறவரை அவர் குறித்துவைப்பார். அவருக்குப் பதில் வந்தால் சரியான வீட்டுக்கு அனுப்புவார். முன்பின் அறியாத ஒருவர் வந்து மூன்றாம் மாடிக்காரரைப் பார்க்கவேண்டும் என்றால், அப்படி யாருமில்லை என்பார். இது தற்காலிகத் தீர்வு என்று அந்த ஆவணமே சொன்னது. மறு ஆண்டு டிசம்பரிலேயே நிரந்தரத் தீர்வாக 128 இருமங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு நெறிமுறையும் வரையறுக்கப்பட்டுவிட்டது. தற்காலிகமானது முப்பதாண்டுகளாக நீடிக்கிறது.

இன்னொரு பக்கம் கம்பிகளும் சாய்ந்தன. 1980களின் இறுதியில் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் முன்வைத்த அகலப்பட்டை முறையில், வீட்டுக்கு வரும் பாதை அகலம், வீட்டிலிருந்து போகும் பாதை குறுகல். தொலைபேசிக் கம்பியில் திரைப்படம் அனுப்பும் கனவுக்காகச் செய்தது. பொறியியல் நோக்கில் அது மிக நேர்த்தியான தீர்வு, அதில் சூழ்ச்சி எதுவுமில்லை. ஆனால் வீடு என்பது பெறுமிடம், தருமிடமன்று என்ற முடிவு செப்புக்கம்பியிலேயே எழுதப்பட்டுவிட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகின் முகவரிக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் கண்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அவற்றுள் முதலில் தீர்ந்தது ஆசிய பசிபிக் பங்கு, அதே ஏப்ரலில். பிந்தி வந்தவர்களுக்கு எண் இல்லை. 2012இல், இணைப்பு நிறுவனங்கள் ஊரையே ஒரு காவலாளிக்குப் பின்னால் வைப்பதற்காக, 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் தனியே ஒதுக்கப்பட்டன. என் திசைவியில் நான் கண்ட எண் இந்தக் குலத்தைச் சேர்ந்தது.

இந்தச் சரிவை ஒரு பிழை என்று உரக்கச் சொன்னவர் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன். 2010 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கில் ஆற்றிய உரையில், வழங்கிகளை மையத்தில் குவித்தபோது அவற்றின் பதிவேடுகளும் மையத்தில் குவிந்தன, அதிகாரமும் அங்கேயே குவிந்தது என்றார். சுவரில் செருகும் அளவுள்ள சிறு கணினி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால் முகநூலே தேவையில்லை என்பது அவர் வாதம். அந்த உரையால் தூண்டப்பட்ட நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர், டான் கிரிப்பி, மேக்ஸ்வெல் சால்ஸ்பெர்க், ரஃபேல் சோஃபேர், இல்யா ஷிதோமிர்ஸ்கி, கோடை விடுமுறையில் அதைச் செய்துமுடிக்க 10,000 டாலர் கேட்டார்கள். 6,479 பேர் சேர்ந்து 200,641 டாலர் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் மார்க் ஸக்கர்பெர்கும் ஒருவர்.

டயஸ்போரா என்று பெயர். அவ்வளவு பணம் சேர்ந்ததே அவர்களுக்குச் சுமையாயிற்று என்று நினைக்கிறேன். செப்டம்பரில் நிரலை வெளியிட்டபோது பாதுகாப்பு ஓட்டைகளை அனுபவசாலிகள் அடுக்கிக் காட்டினார்கள். உலகம் முகநூலுக்கு மாற்றை எதிர்பார்த்தது, கையிலிருந்ததோ மாணவர்களின் முதல் முயற்சி. 2011 நவம்பர் 12 அன்று இல்யா இறந்தார். வயது 22. அவர் மரணத்தை மென்பொருளின் கதையோடு முடிச்சுப்போட்டு அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. மற்றவர்கள் 2012 ஆகஸ்டில் திட்டத்தைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார்கள். நிரல் இன்னும் வாழ்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தாக வேண்டும். ஒவ்வொருவரும் தம் வீட்டில் நிறுவிக்கொள்ளவேண்டிய மென்பொருளில் பெரும்பாலோர் செய்தது, அந்த நால்வர் நடத்திய வழங்கியில் கணக்குத் தொடங்கியதுதான்.

2016இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து ஆய்கன் ரோஹ்கோ வெளியிட்ட மாஸ்டடானுக்கும் அதுவே நேர்ந்தது. 2018 ஜனவரி 23 அன்று ஆக்டிவிட்டிபப் உலகளாவிய வலைத்தர நெறிமுறையாக ஏற்கப்பட்டது. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியதும் மாதந்தோறும் மாஸ்டடானைப் பயன்படுத்துவோர் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாயினர். அவர்களில் வீட்டு மேசையில் வழங்கியை வைத்தவர் மிகச் சிலர். ஏனையோர் யாரோ ஒருவர் வாடகைக்கு எடுத்த கணினியில் குடியேறினார்கள். இதை முன்பு சோம்பல் என்றே எண்ணியிருந்தேன். என் திசைவியைப் பார்த்தபிறகு அப்படி எண்ணவில்லை.

என் கணினிக்கு ஒரு வழி கிடைத்தது. பழைய எண்கள் தீர்ந்துபோன அதே நிறுவனம் ஆறாம் பதிப்பு முகவரியைக் கேளாமலே வழங்கியிருந்தது, அதுவும் ஒன்றல்ல, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் அளவுக்கு. திசைவியின் தடுப்பில் ஒரு துளையிட்டேன். சான்றிதழ் வந்தது. கோயம்புத்தூரிலிருக்கும் அக்கா மகனை அழைத்து முகவரியைச் சொல்லி, செல்பேசியில் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"வந்திருச்சு மாமா. ஏதோ தேவாங்கு மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கு."

அது அந்த மென்பொருளின் சின்னம். ஃபிடோவின் நாய்க்கு இணையாக இவர்களுக்கு அசையாக் கரடி.

அடுத்து, ஐரோப்பாவில் வாழும் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதினேன். அவர் கணக்கு வைத்திருக்கும் வழங்கி பழைய நான்காம் பதிப்பு எண்களை மட்டுமே அறியும். என் கடிதம் காவலாளியைத் தாண்டி அங்கே போய்ச் சேர்கிறது. சேர்ந்ததும், எழுதியவர் நான்தானா என்று உறுதிசெய்ய, என் கையொப்பத்தின் திறவியைக் கேட்டு அந்த வழங்கி என் வீட்டை அழைக்கிறது. வழி கிடைக்காமல் கடிதத்தைத் தள்ளிவிடுகிறது. என் கணினி சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புகிறது. பதிவேட்டில் இரவெல்லாம் அந்த முயற்சிகளின் வரிகள். மூன்றாம் நாள் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.